திருச்சுழிக்காரர் போட்ட சுகக் கணக்கு

ஆசையைப் பற்றிய அறிவுரைக்கு நம் ஊர்ப்பக்கம் பஞ்சமே வந்ததில்லை. ஆசைப்படாதே என்பார்கள். ஆசைப்பட்டால்தான் முன்னுக்கு வர முடியும் என்பார்கள். சில வீடுகளில் ஒரே பெரியவர் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் சொல்லிவிட்டுப் போவார். ஒன்று வேண்டும் என்று மனம் அரிக்கத் தொடங்குவதற்கும், அது கையில் கிடைத்து மனம் குளிர்வதற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது என்று நிதானமாகப் பிரித்துப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர் திருச்சுழிக்காரர்.

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனால் திருச்சுழி. குண்டாற்றங்கரை ஊர். சுந்தரர் பாடிய தலம். திருமேனிநாதர் கோயிலுக்குரிய தலபுராணம், உலகையே மூழ்கடிக்க வந்த பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் தரையைத் துளைத்து உள்ளே போக்கினார் என்கிறது. ஆற்றில் மணலைத் தவிர எதையும் பார்க்க முடியாத சித்திரை மாதத்தில் இந்தக் கதையைக் கேட்கிறவனுக்கு, சாமி அதில் கொஞ்சத்தைக் கண்மாயில் நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றாமல் இராது. சுற்றிலும் மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய். புரட்டாசியில் நிலத்தைத் தயார் பண்ணி வைத்துவிட்டு ஐப்பசி வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் விவசாயம். விதைத்த பின் மழை ஏமாற்றினால் கடன் வாங்கி மறுபடி விதைக்கும் விவசாயம். விட்டுப்போன நிலங்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டுவிட்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் பலர். 2018-இல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து எடுத்தவை இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். திருச்சுழி இரண்டாவதில் இருக்கிறது.

வேங்கடராமன் இங்கே 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன சுவாமி புறப்பாடு முடிந்து நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பிறந்தார். பின்னாளில் ரமண மகரிஷி. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு கதை வழங்கி வந்தது: எந்தக் காலத்திலோ வீட்டு வாசலுக்கு வந்த சந்நியாசி ஒருவருக்குச் சோறு போடாமல் அனுப்பிவிட்டார்களாம், உங்கள் குலத்தில் தலைமுறைக்கு ஒருவன் பிச்சைச் சோறு உண்பான் என்று அவர் சபித்தாராம். சோறு மறுக்கப்பட்டதற்குத் துறவு தண்டனை என்று கதை கட்டுகிற மண், பசியை நன்றாக அறிந்த மண்ணாகத்தான் இருக்கும்.

அப்பா சுந்தரம் ஐயர் ஆசைப்பட்டு முன்னேறிய மனிதர். 12 வயதில் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் மாதம் 2 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிறகு மனு எழுதிக் கொடுத்தார். பிறகு திருச்சுழிக் கோர்ட்டில் வக்கீலாக நின்று வீடு கட்டினார். அந்த வீட்டில் ஒரு பாதியை வருகிறவர் போகிறவர்களுக்கென்றே விட்டுவைத்தார். 1892-இல் அவர் இறந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா அழகம்மாள் சின்னக் குழந்தைகளோடு மானாமதுரைக்குப் போக, அண்ணன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள்.

பையன் படிப்பில் சுமார். தூக்கத்தில் மட்டும் யாரும் அவனிடம் நெருங்க முடியாது. விழித்திருக்கும்போது அவனை அடிக்கப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கிடத்துவார்களாம். காலையில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் இதை வேடிக்கைக்காகச் சொல்கிறார்கள். பிறகு அவர் தத்துவத்தில் தூக்கம் எடுத்துக்கொண்ட இடத்தைப் பார்த்தால் வேடிக்கைக்கு மேலும் ஏதோ இருக்கிறது.

1896 ஜூலையில், 16 வயதில், மதுரை வீட்டு மாடியில் திடீரென வந்த மரண பயமும் அதிலிருந்து கிடைத்த தெளிவும் பலரும் சொல்லிப் பழகிய கதை. எனக்கு அதைவிட, ஆறு வாரம் கழித்து ஆகஸ்ட் 29 அன்று அவர் வீட்டை விட்டுக் கிளம்பியபோது போட்ட காசுக் கணக்குதான் கவனத்தைப் பிடிக்கிறது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டார். 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்தார். கட்டணம் இன்னும் கட்டவில்லை என்பதையும் மறக்காமல் அதில் எழுதினார். வழியில் கீழூரில் தங்கக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்பதற்காக விலாசம் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொஞ்ச நேரத்திலேயே கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை சேர்ந்து, மிச்சக் காசையும் வழியில் கொடுத்துவிட்ட பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்தார். இதைப் பக்திப் பரவசத்தோடு சொல்கிறவர்களுக்கு ஒன்று நினைவிருக்க வேண்டும். அந்த 3 ரூபாய், அவருடைய அப்பா பிழைப்பைத் தொடங்கியபோது வாங்கிய மாதச் சம்பளத்தைவிட அதிகம். தகப்பன் இல்லாத வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

இனி அவர் சொன்னதற்கு வருவோம்.

1901, 1902 வாக்கில் தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை மலைக்கு வந்து இந்த இளைஞரிடம் கேள்விகள் கேட்டார். அப்போது அவர் பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள் 1923-இல் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக அச்சேறின. பிறகு ரமணரே அதைக் கட்டுரை வடிவில் அமைத்தபோது எடுத்த எடுப்பில் வைத்தது கடவுளை அல்ல, சுகத்தை. எல்லா உயிரும் துன்பம் கலக்காத சுகத்தையே எப்போதும் விரும்புகிறது. யாருக்கும் தன் மேல்தான் அளவுகடந்த பிரியம். பிரியம் வருவதற்குக் காரணம் சுகம்தான். ஆகவே நாம் தேடும் சுகம் நமக்குள் எங்கோதான் இருக்க வேண்டும் என்று தொடங்குகிறார்.

துறவிகள் வழக்கமாகத் திட்டில் தொடங்குவார்கள். உடம்பு நாறும், பொன்னும் மண்ணும் அழியும், பெண்ணாசை கெடுக்கும். இவர் யாரையும் திட்டவில்லை. சுகமாக இருக்க வேண்டும் என்ற தவிப்பைக் குற்றமாக அல்லாமல் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். எல்லோரும் ஒன்றைத் தேடுகிறார்கள் என்றால் அந்தத் தேட்டம் பொய்யாக இருக்காது. தேடுகிற இடம் வேண்டுமானால் தப்பாக இருக்கலாம். இந்த மரியாதை எனக்குப் பிடிக்கிறது. ஆசைப்படுகிறவனை முதலில் புரிந்துகொண்டுவிட்டுத்தான் பேச்சே ஆரம்பம்.

அடுத்ததாகத் தூக்கத்தைக் காட்டுகிறார். கனவில்லாத ஆழ்ந்த உறக்கத்தில் வீடு இல்லை, நிலம் இல்லை, மனைவி மக்கள் இல்லை, உடம்பு இருக்கிறது என்ற நினைப்புகூட இல்லை. எதுவும் இல்லாத அந்த இடத்துக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஆவலோடு போகிறோம். எழுந்து வந்து சுகமாகத் தூங்கினேன் என்கிறோம். சுகத்துக்குப் பொருள் ஒன்று அவசியம் என்றால் இது எப்படி? நல்ல கேள்விதான். ஆனாலும் இந்த வாதம் என்னை முழுக்க ஒப்ப வைக்கவில்லை. வலி இல்லாதது வேறு, சுகம் இருப்பது வேறு அல்லவா? மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தப்பட்டவனும்தான் ஒன்றையும் வேண்டவில்லை. வேதாந்திகள் இதற்கு நுட்பமான பதில்கள் வைத்திருக்கிறார்கள்; அதற்குள் நான் போகவில்லை. அவருடைய வாதத்தில் வலுவான கண்ணி அடுத்ததுதான். அது நம் ஒவ்வொருவர் பகல் வாழ்க்கையிலும் சரிபார்த்துக்கொள்ளக் கூடியது.

ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒருத்தி கட்டியிருந்த சேலை கண்ணில் ஒட்டிக்கொண்டது. அந்த நிறம், அந்தக் கரை. மாதக்கணக்காக மனம் அதையே சுற்றுகிறது. மிளகாய் வத்தல் விற்ற காசில் கொஞ்சத்தை முந்தானையில் முடிந்து, பங்குனிப் பொங்கலுக்கு முன் அருப்புக்கோட்டைக்குப் போய் வாங்கியாகிவிட்டது. திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த அரை மணி நேரம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த பங்குனிக்கு அதே சேலை பீரோவில் நான்காவது மடிப்பாகக் கிடக்கிறது, மனம் வேறொன்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சுகம் சேலையில் இருந்திருந்தால் சேலை இருக்கும்வரை அது வந்துகொண்டே இருக்க வேண்டும். நிறம் போகவில்லை, கரை நையவில்லை. அப்படியானால் பஸ்ஸில் கிடைத்தது எங்கிருந்து வந்தது? ரமணர் சொல்லும் விடை: விரும்பியது கிடைத்த கணத்தில் வெளியே ஓடிக்கொண்டிருந்த மனம் ஓட்டத்தை நிறுத்தி, கிளம்பின இடத்துக்குத் திரும்புகிறது, அங்கே ஏற்கெனவே இருந்த சுகத்தைக் கொஞ்ச நேரம் அனுபவிக்கிறது. பிறகு அடுத்த நினைப்பு எழும்ப, மறுபடி கிளம்பிவிடுகிறது. கணக்குப்பிள்ளையிடம் குமாஸ்தாவாக இருந்தவரின் மகனுக்கு ஏற்ற மாதிரிச் சொல்வதென்றால், வரவு உண்மை, ஆனால் பேரேட்டில் அதை வேறொருவன் பேரில் வரவு வைத்துவிட்டோம். சேலையின் பேரில், நிலத்தின் பேரில், மாப்பிள்ளையின் பேரில், பதவியின் பேரில். பேர் தப்பாக எழுதப்பட்டதால் அடுத்த முறையும் அதே ஆளிடம் போய் நிற்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, சேலை கெட்டது என்று அவர் சொல்லவே இல்லை. அந்தப் பெண்ணின் பஸ் சுகம் பொய் என்றும் சொல்லவில்லை. அவர் பார்வையில் அது முழு உண்மை. கோயிலில் கிடைப்பதும் அதுதான். காரணம் மட்டும் தப்பாகச் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் அவர் ஓர் உவமை சொல்கிறார். வெளியே வெயில் கொதிக்கிறது, மரத்தடியில் குளிர்ச்சியாக இருக்கிறது. ஒருவன் வெயிலில் சுற்றிவிட்டு நிழலுக்கு வருகிறான், அப்பாடா என்கிறான். கொஞ்ச நேரத்தில் நிழலை விட்டு வெயிலுக்குப் போகிறான், சூடு தாங்காமல் மறுபடி வருகிறான். விவரமுள்ளவன் நிழலை விட்டுப் போவதில்லை. அவ்வளவுதான். இதை எழுதியவர் எங்கே வளர்ந்தவர் என்று தெரிந்தவர்களுக்கு உவமை உறைக்கும். பங்குனி, சித்திரையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கையில், இரண்டு கண்மாய்க்கு நடுவே ஒரே ஒரு வேப்ப மரமோ புளிய மரமோ இருக்கும் பாதையில் நடந்து பார்த்தவர்களுக்கு நிழல் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆட்கள் உடனே இன்னொரு கேள்வியும் கேட்பார்கள். வெயிலுக்குப் போகாமல் எப்படிப் பிழைப்பது? அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

ஆசை எழும்போது என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் அடக்கு, ஒடுக்கு என்ற பேச்சு குறைவு. அடக்கப் போனால் அடக்கப்படுவதையே நினைத்துக்கொண்டிருப்போம். எழுந்த நினைப்பைத் தொடராமல், இது யாருக்கு எழுந்தது என்று பார்க்கச் சொல்கிறார். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று திரும்பினால், கவனம் பொருளை விட்டு வேண்டுகிறவன் பக்கம் வந்துவிடுகிறது. ஆசைக்கு எரிபொருள் அந்தக் கவனம்தான் என்பது அவர் துணிபு.

இங்கே சுற்றியுள்ள உலகத்தையும் பார்ப்பது நல்லது. ஜெர்மானியர் ஷோப்பன்ஹவர், உபநிடதங்களை லத்தீன் மொழிபெயர்ப்பில் படித்து மயங்கியவர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய இதே பாதையில் பாதி தூரம் வந்தார். வேண்டுதல் என்பதே வலி. கிடைத்தால் வலி தீரும். தீர்ந்ததும் சலிப்பு பிடிக்கும். மனிதன் வலிக்கும் சலிப்புக்கும் நடுவில் அலைவான் என்றார். சுகம் என்று தனியாக ஒன்று இல்லை, வலி நின்றதைத்தான் அப்படி அழைக்கிறோம் என்பது அவர் முடிவு. ரமணர் பிரிவது இந்த முனையில். மனம் ஓய்ந்த இடம் வெற்றிடம் அல்ல, நிறைவு என்கிறார். இரண்டில் எது சரி என்று வாதாடி முடிவுகட்ட முடியாது என்றே நினைக்கிறேன். அவரவர் ஓய்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆசையும் சுகமும் தனித்தனியானவை என்பதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சாட்சி உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் இல்லாமல் செய்து பார்த்தார். எலிகள் உணவைத் தேடிப் போவதையே விட்டன. ஆனால் வாயில் இனிப்பைத் தடவினால் முன்பு போலவே நாக்கைச் சப்புக்கொட்டி ரசித்தன. வேண்டும் என்று துரத்துகிற எந்திரம் ஒன்று, ரசிக்கிற எந்திரம் இன்னொன்று. முதலாவது முறுக்கேறிக்கொண்டே போய் இரண்டாவது அப்படியே நின்றுவிட்டால் அதுதான் அடிமைப் பழக்கம். கைப்பேசியை எதற்கென்றே தெரியாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு எலி வேண்டியதில்லை.

லாட்டரி ஆய்வு ஒன்றையும் இந்த விஷயத்தில் அடிக்கடி காட்டுவார்கள். 1978-இல் பிரிக்மன் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பெரும்பரிசு விழுந்த 22 பேரை அதே பகுதிகளில் வசித்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். பரிசுக்காரர்கள் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சின்னச் சந்தோஷங்களில் அவர்களுக்கு ருசியும் குறைந்திருந்தது. பணத்தால் சுகமில்லை என்பதற்கு இது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் 22 பேர் மிகவும் சின்னக் கூட்டம். 2020-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஆயிரக்கணக்கான பரிசுக்காரர்களைப் பரிசு விழுந்து பல ஆண்டுகள் கழித்து விசாரித்தது. வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பரிசு பெற்றவர்கள் கூடுதலாகவே ஆம் என்றார்கள், அந்தத் திருப்தி கரைந்துவிடவும் இல்லை. அன்றாட மனநிலையில்தான் வித்தியாசம் சொற்பம். அதாவது பணம் கவலையைக் கொஞ்சம் எடுத்துவிடுகிறது. குதூகலத்தைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. இதில் முதல் பாதியை மறைத்துவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் பிரசங்கம் பண்ணுவது ஏழைகள் விஷயத்தில் பெரிய அநியாயம்.

அந்த அநியாயத்துக்கு நம்மிடம் நீண்ட வரலாறு இருக்கிறது. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். அநேகமாக இருக்கிறவர் இல்லாதவரிடம், மாமியார் மருமகளிடம், கூலி கொடுப்பவர் வாங்குபவரிடம். எதிர்த்திசையில் அந்த மருந்து போய் நான் பார்த்ததில்லை. கம்மாயில் தண்ணி இல்லாமல் விதைத்ததும் கருகிப்போனவன், இந்த வருசமாச்சும் ரெண்டு மழை விழாதா என்று ஏங்குவது ஆசையா? அதையும் வெயிலுக்குப் போகாதே கணக்கில் சேர்க்கலாமா?

ஆதென்ஸ் நகரத்து எபிகூரஸ் இந்த விஷயத்தில் உதவுகிறார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்பே அவர் ஆசைகளை இனம் பிரித்தார். பசி, தாகம், தலைக்கு மேல் கூரை இவை இயற்கையானவை, தவிர்க்க முடியாதவை. வகை வகையான பண்டம் இயற்கையானது, ஆனால் இல்லாமலும் இருக்கலாம். புகழும் அதிகாரமும் வெற்று ஆசை, அவற்றுக்கு வரம்பே கிடையாது. ‘நான் யார்?’ நூலில் இப்படி ஒரு பிரிவினை இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

இந்த ஆபத்தை இன்னும் கூர்மையாகப் பார்த்தவர் அமர்த்தியா சென். ஒருவர் திருப்தியாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டு அவருடைய நலத்தை அளக்காதீர்கள் என்பது அவர் வாதம். நெடுநாள் இல்லாமையில் கிடந்தவர்கள், கிடைக்காததை ஆசைப்படுவதையே விட்டுவிடக் கற்றுக்கொள்கிறார்கள். சின்ன இரக்கத்துக்கும் மகிழ்ந்துபோகிறார்கள். இதற்கு அவர் காட்டும் கணக்கு மனதை உலுக்கும். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944-இல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் எடுத்த சர்வேயில், மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். அந்தக் காலத்து வங்காளத்தில் விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்திருப்பார்கள் என்று யாராவது நம்புவார்களா? குறை சொல்ல உரிமை உண்டு என்ற நினைப்பே அவர்களுக்கு எடுபட்டுப் போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ஆசையின்மை மாதிரித்தான் தெரியும்.

ஆசையற்றிருப்பதும் ஆசைப்படத் தெரியாமல் ஆக்கப்பட்டிருப்பதும் இரண்டு. முன்னதை அடைய ஒருவர் தானாக நிழலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னதில் நிழலே கண்ணில் காட்டப்படுவதில்லை. ஆகவே ஆசையை விடச் சொல்லும் உபதேசத்தை ஒருவர் தனக்குத்தான் செய்துகொள்ள முடியும் என்று படுகிறது. பிறருக்கு என்று வரும்போது பேச்சு சோற்றில் தொடங்க வேண்டும்.

இதை இந்த மாவட்டத்துக்காரர் இன்னொருவர் வாழ்ந்தே காட்டினார். விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராஜர் தனக்கென்று வீடு வாசல், குடும்பம், சேமிப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதலமைச்சராக இருந்தபோது, பசித்த பிள்ளையிடம் பொறுமையை உபதேசிக்காமல் 1956-இல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். தனக்கு வேண்டாம் என்பதும் பிறருக்கு வேண்டும் என்பதும் ஒரே ஆளிடம் சண்டை இல்லாமல் இருக்க முடிந்தது. ரமணரிடமும் இதன் சாயலைப் பார்க்கலாம். ஆசிரமத்தில் தனக்குத் தனியாக எதையும் பரிமாறவிட மாட்டார். எல்லோருக்கும் வைத்த அளவே தனக்கும். பல ஆண்டுகள் பொழுது விடியும் முன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கினார், அரைத்தார். ஞானியின் சமையல் என்று அதைப் பூசி மெழுக வேண்டாம். வந்தவர்களுக்கு வேளைக்குச் சாப்பாடு ஆக வேண்டும் என்ற அக்கறைதான் அது.

வெயிலுக்குப் போகாமல் எப்படிப் பிழைப்பது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று வந்து நின்ற குடும்பஸ்தர்களை ரமணர் பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்பினார். வீட்டை விட்டால் குடும்பஸ்தன் என்ற நினைப்பு போய்ச் சந்நியாசி என்ற நினைப்பு வரும், நினைப்பு எங்கே போயிற்று என்பது அவர் கேட்கும் கேள்வி. 1927-இல் அடியார் முருகனார் வேண்டிக்கொள்ள எழுதிய ‘உபதேச உந்தியார்’ 30 பாடல் கொண்டது. அதன் தொடக்கப் பகுதி கர்மத்தைத்தான் பேசுகிறது. பலன் வேண்டி ஓடும் வேலை மேலும் வேலையில் தள்ளும். பலனைக் கடவுளிடம் விட்டுச் செய்யும் வேலை மனதைத் துப்புரவாக்கும். மானாவாரி விவசாயி இதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் மழை தன் கையில் இல்லை என்று தெரிந்துகொண்டே விதையை ஊன்றுகிறவருக்கு இதில் பாதி தொழிலிலேயே கைவந்திருக்கும். மற்றப் பாதி, அதாவது பொய்த்துப்போனால் நெஞ்சு எரியாமல் இருப்பது, வட்டிக்குக் கடன் வாங்கியவருக்குச் சொல்லக் கூடிய விஷயம் அல்ல. பயிர்க் காப்பீடு ஒழுங்காகக் கிடைத்த பிறகு வேண்டுமானால் பேசலாம். வள்ளுவரும் அவா அறுத்தலுக்கு 37-ஆம் அதிகாரத்தை ஒதுக்கிவிட்டு, 76-இல் பொருள் செயல்வகையைச் சொல்லி, காமத்துக்கு ஒரு முழுப் பாலே எழுதினார். அவரை யாரும் முரண்பட்டவர் என்று சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று. ஆசையை விட்டவர் என்று நாம் சொல்கிற இவர் எழுதிய பாட்டுகளில் ஆசை கொழுந்துவிட்டு எரிகிறது. 108 கண்ணிகள் கொண்ட ‘அருணாசல அக்ஷரமணமாலை’, மலையில் இருந்த சாதுக்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகும்போது பாடுவதற்காகப் பிறந்தது. அதில் மணமகள், மணவாளனாகிய அருணாசல மலைச் சிவனிடம் கெஞ்சுகிறாள், கோபிக்கிறாள், ஊடுகிறாள், என்னை இழுத்துவந்து இப்படி விட்டுவிடலாமா என்று சண்டைக்கு நிற்கிறாள். 16 வயதில், அருணாசலத்தையே அப்பா என்று குறித்து, அப்பாவைத் தேடி என்று எழுதி வைத்துவிட்டு வந்த பையனின் தவிப்பை இதிலிருந்து பிரிக்க முடியாது. ஆக, அவர் ஆசையை வெட்டி எறிந்தார் என்பதைவிட, எல்லா ஆசையையும் ஒரே வாய்க்காலில் திருப்பிவிட்டார் என்பது பொருத்தம். அந்த ஒன்றும் போய்ச் சேர்ந்த இடத்தில் வடிந்துவிட்டது என்பது அவர் அனுபவம்.

அப்படியும் ஒன்று வடியாமல் எட்டிப் பார்த்தது. 1898 டிசம்பரில் அழகம்மாள் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலையில் உள்ள பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வந்துவிடு என்று நாள் கணக்கில் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. கூட இருந்தவர்கள் வற்புறுத்தியதும் தாளில் எழுதிக் கொடுத்தார்: அவரவர் வினைப்படி நடக்க வேண்டியது என்ன தடுத்தாலும் நடக்கும், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, சும்மா இருப்பதே நல்லது என்பது அதன் சாரம். தாய் வெறுங்கையோடு திரும்பினார். 1914-இல் அவர் மறுபடி வந்திருந்தபோது டைபாய்டு காய்ச்சலில் விழுந்தார். நிலைமை மோசமானது. மகன் அவருக்குப் பணிவிடை செய்தார், அதோடு அருணாசலத்தை நோக்கி நான்கு பாடல்கள் எழுதினார். அவை வேண்டுதல்தான், வேறெதுவும் இல்லை: என் அம்மாவின் காய்ச்சலைத் தீர்த்து வை. முன்பு எழுதிய தாளோடு இந்தப் பாடல்களைப் பொருத்திக் காட்டும் விளக்கங்கள் அடியார்களிடம் உண்டு. எனக்கு அவை தேவைப்படவில்லை. அம்மாவுக்கு உடம்பு சுகமில்லை, பிள்ளை கேட்டார். அழகம்மாள் பிழைத்தார். ஊருக்குப் போய்விட்டு 1916-இல் திரும்பி வந்தவர், 1922 மே 19 அன்று இறக்கும்வரை மகனை விட்டுப் போகவில்லை. அதுவரை பிச்சை எடுத்து வந்ததைப் பகிர்ந்து உண்டுகொண்டிருந்தவர்களுக்கு, மலை மேல் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போடத் தொடங்கியவர் அவர்தான்.